கோடை விடுமுறையில் அம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு: செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

விடுமுறை தொடங்கிய ஒரே வாரத்தில் அம்மாக்கள் களைத்துப்போவதற்கு வெயில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஓயாத கேள்விகள். "பசிக்குது, என்ன இருக்கு?", "போரடிக்குது", "என் டவல் எங்க?", "இவன் அடிச்சிட்டான்". பள்ளி நாட்களில் எப்போது சாப்பிடுவது, எப்போது விளையாடுவது என்பதையெல்லாம் பள்ளி மணி பார்த்துக்கொண்டது. விடுமுறையில் அந்த மணி அம்மாவின் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அதனால் ஏற்பாடுகள் இரண்டு வகை. பிள்ளைகள் உங்களிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற விஷயங்களைக் குறைப்பது ஒன்று. உடம்பை வாட்டும் வேலைகளை வெயில் நேரத்திலிருந்து நகர்த்துவது மற்றொன்று. புதிய பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை. முதல் வாரம் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும், அவ்வளவே.

நாளுக்கு நான்கு மாறாத நேரங்கள் போதும்

பலரும் முதல் நாளே மணிக்கு மணி அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒன்பது மணிக்கு ஓவியம், பத்துக்குப் புத்தகம், பதினொன்றுக்குக் கணக்கு. மூன்றாம் நாள் அது கிழிந்துவிடும். காரணம் எளிது: ஒவ்வொரு மணி நேரமும் "அடுத்தது இது" என்று சொல்லி நகர்த்துவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான்.

நாளில் நான்கே நான்கு நேரங்களை மட்டும் மாறாமல் வையுங்கள்: காலை உணவு, அதன் பின் அவரவர் வீட்டுவேலை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அமைதி நேரம், மாலையில் வெளியே போவது. இவற்றுக்கு இடைப்பட்ட நேரம் பிள்ளைகளுடையது. வீட்டுவேலை முடிந்தால்தான் டிவியும் போனும் என்ற ஒரே விதி, தினம் பத்து வாக்குவாதங்களை மிச்சப்படுத்தும்.

காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும். ஓடியாடும் விளையாட்டு இந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் இருக்கட்டும். அடுப்பு வேலையையும் அப்படியே ஒதுக்கிவிடலாம். மதியத்துக்கும் இரவுக்கும் வேண்டிய வேகவைக்கும் வேலையைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டால், சமையலறையின் சூடு வீடு முழுதும் பரவும் முன்பே அடுப்பு அணைந்திருக்கும்.

கேட்காமலே எடுத்துச் சாப்பிடும் தட்டு

இத்தனை ஏற்பாடுகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவர் பெயரும் எழுதிய ஒரு டப்பா. காலை சமையலோடு சேர்த்து அதை நிரப்பிவிடுங்கள். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு நான்கு சிறு பங்குகள் சரியாக இருக்கும்: இரண்டு பங்கு பழம், ஒரு பங்கு வயிற்றில் நிற்கும் உணவு (அவித்த முட்டை, சீஸ் துண்டு, அவித்த பயறு மாதிரி), ஒரு பங்கு மொறுமொறுப்பாகக் கடிக்க ஏதாவது. மொறுமொறு வகையை மட்டும் தனிச் சிறு டப்பாவில் மூடி வெளியே வையுங்கள். பழத்தோடு சேர்ந்தால் நமுத்துவிடும்.

விதி: எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். முதல் நாள் பத்து மணிக்கே டப்பா காலியாகும். அப்போது இரக்கப்பட்டு மீண்டும் நிரப்பினால் ஏற்பாடு அங்கேயே முடிந்தது. மதியச் சாப்பாடு எப்படியும் வரப்போகிறது, பிள்ளை பட்டினி கிடக்காது. இரண்டு மூன்று நாளில் தானாகவே பங்குபோட்டுச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும்.

ஆப்பிள் துண்டு கறுத்தால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். ஒரு கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, துண்டுகளை ஐந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி எடுங்கள். உப்பு ருசி தெரியாது, பல மணி நேரம் நிறம் மாறாது. திராட்சையை ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுதாகத் தரவே கூடாது. நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் அது இன்னும் உருண்டையாகவே இருக்கும், தொண்டையை அடைக்கும் ஆபத்து அப்படியே நிற்கும்.

வெளியே வைத்த சாப்பாட்டுக்குக் கோடையில் கெடு குறைவு. சமைத்த உணவும் வெட்டிய பழமும் சாதாரணமாக வெளியே இரண்டு மணி நேரம் தாங்கும். அறையில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜுக்குள் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கோடையில் அது ஏறுவதற்கு இரண்டு காரணங்கள்: நாளெல்லாம் கதவைத் திறந்து மூடுவது, காற்று சுழல இடமில்லாமல் அடைத்து வைப்பது. பால் பாட்டிலைக் கதவுத்தட்டில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் மிகவும் சூடான இடம் அதுதான்.

தண்ணீர்: பிள்ளைக்கும் உங்களுக்கும்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் வெளியிட்ட அளவுப்படி, நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 1.6 லிட்டர் நீர் போதுமானது, பெண்களுக்கு 2 லிட்டர், பாலூட்டும் தாய்க்கு 2.7 லிட்டர். உணவில் இருந்து வரும் நீரும் இதில் அடக்கம். மிதமான வெப்பத்துக்கும் மிதமான உழைப்புக்கும் சொன்ன கணக்கு இது, கடும் வெயிலில் இதற்கு மேல் வேண்டும். அளந்துகொண்டிருக்க நேரமில்லை என்றால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சளாகி, பல மணி நேரம் போகாமலே இருந்தால் தண்ணீர் போதவில்லை.

"தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது வீண். ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில், அதில் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு. ஒரு கோடு மதியச் சாப்பாட்டுக்குள், மறுகோடு மாலை வெளியே கிளம்பும் முன். உங்கள் பாட்டிலும் அதே வரிசையில் இருக்கட்டும். வீட்டில் கடைசியாகத் தண்ணீர் குடிப்பவர் பெரும்பாலும் அம்மாதான், மாலை நேரத் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், எவ்வளவு வெயிலானாலும். தாய்ப்பாலிலேயே வேண்டிய நீர் இருக்கிறது. அடிக்கடி பாலூட்டினால் போதும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்தான் முதல் தேர்வு. கையில் இல்லாத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பின் அளவு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கண் அளவில் போடாதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வீட்டுக்குள் சூட்டை விடாமல்

ஜன்னலில் வெயில் படுவதற்கு முன்பே அதை மூடி மறைக்க வேண்டும். உள்ளே போடும் திரையைவிட வெளியே தொங்கவிடும் மறைப்பு அதிகம் உதவும். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அந்தச் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது, திரை அதைத் திருப்பி அனுப்பாது. இரவில் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகுதான் ஜன்னலைத் திறப்பது பலன் தரும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றின் அருகே டேபிள் ஃபேனை வெளியே பார்த்தபடி வைத்தால் சூடான காற்றை அது தள்ளிவிடும், மறுபக்கத்தில் குளிர்ந்த காற்று நுழையும்.

வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய அறையில் ஃபேன் மட்டும் போதாது. உடம்பைவிடச் சூடான காற்றை அது உடம்பின் மேல் வீசுகிறது. அப்போது தோலை நனைப்பது, ஈரத்துணியால் துடைப்பது, வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு எல்லோரும் மாறுவது இவைதான் உதவும். பகல் முழுவதும் ஒரே அறையில் இருந்தால் குளிர்விக்க வேண்டிய இடமும் குறைவு, கூட்டிப்பெருக்க வேண்டிய இடமும் குறைவு.

வேர்க்குருவுக்கு மருந்தைவிடக் குளிர்ச்சிதான் முக்கியம்: தளர்ந்த பருத்தி உடை, சாதாரணத் தண்ணீரில் குளியல், ஒற்றித் துடைப்பது. கெட்டியான க்ரீமும் எண்ணெயும் வியர்வைத் துளைகளை மேலும் அடைக்கும். கைக்குழந்தைக்குப் பவுடர் கொட்டாதீர்கள், மூச்சோடு உள்ளே போகும்.

அமைதி நேரம்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீடு முழுவதும் ஒரு மணி நேரம் சத்தமின்றி இருக்க வேண்டும். தூங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கட்டாயப்படுத்தினால் சண்டையில்தான் முடியும். அவரவர் இடத்தில், அவரவர் வேலையோடு, பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் வராது. 15 நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினால் மூன்று வாரத்துக்குள் ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியும் டைமர் வைப்பது அவசியம். அது இல்லாவிட்டால் "முடிஞ்சிடுச்சா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி வரும். கையில் இருக்க வேண்டியவை முன்பே எடுத்துவைக்கப்பட்டிருக்கட்டும்: புத்தகம், வெள்ளைத்தாள், க்ரேயான், கட்டைகள், ஒரு பாட்டில் தண்ணீர். எழுந்து வர ஒரு காரணமும் மிஞ்சக் கூடாது. பிள்ளைகள் இருவர் என்றால் தனித்தனி இடம். ஒரே அறைதான் என்றால் நடுவில் ஒரு நாற்காலியோ திரையோ போதும், முகம் தெரியாவிட்டாலே பாதிச் சண்டை குறையும்.

இந்த நேரத்தில் பாத்திரம் கழுவாதீர்கள், துணி மடிக்காதீர்கள். அம்மா வேலை செய்யும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எழுந்து வருவார்கள் என்பது ஒரு பக்கம். அந்த ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போனால் மாலையில் கோபம் அவர்கள் மேல்தான் விழும் என்பது மறுபக்கம். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்கள் முக்கியமான போன் அழைப்புகளை இந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது அது முழுக்க ஓய்வாக இருக்கட்டும்.

வேலையைக் கற்றுக்கொடுப்பதும் ஒப்படைப்பதும்

மூன்று நான்கு வயதில் பொம்மைகளைக் கூடையில் போடலாம், நனைந்த தரையைத் துடைக்கலாம். ஆறு ஏழு வயதில் தட்டுகளை எடுத்துவைப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பத்து வயதில் பாத்திரம் கழுவுவது, தன் படுக்கையைப் பார்த்துக்கொள்வது. பதின்ம வயதில், பெரியவர் வீட்டில் இருக்கும்போது, ஒரு எளிய வேளைச் சாப்பாட்டைச் செய்யலாம். ஆணா பெண்ணா என்பதற்கு இதில் இடமில்லை.

ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்க மூன்று முறை: முதல்முறை நீங்கள் செய்ய, பிள்ளை பார்க்கட்டும். இரண்டாம் முறை சேர்ந்து. மூன்றாம் முறை பிள்ளை செய்ய, நீங்கள் பார்க்க. அதன்பின் கோணலாக மடித்த துணியைப் பிள்ளையின் கண்முன் பிரித்துத் திரும்ப மடிக்காதீர்கள், அடுத்த நாள் அந்த வேலை உங்களிடமே வந்து நிற்கும்.

கணவர், வீட்டுப் பெரியவர்கள் விஷயத்திலும் இதேதான். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றால் என்ன, எப்போது, எப்படி என்று நினைத்துச் சொல்லும் வேலை உங்களிடமே தங்கிவிடும். ஒன்றை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். மாலைக் குளியல் முதல் தூங்கவைப்பது வரை அவர் பொறுப்பு என்றால் டவல், மாற்றுடை, கதை எல்லாமே அவருடையது. நீங்கள் அந்த அறைக்குள் போகவே வேண்டாம்.

"போரடிக்குது" என்றால்

உடனே எதையாவது கண்டுபிடித்துத் தருவது பழக்கமானால் தினமும் தர வேண்டும். முதலில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பொம்மைகளில் பாதியை விடுமுறையின் முதல் நாளே கட்டி மேலே போட்டுவிட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பழையது புதிதாகிவிடும்.

நேரம் நிஜமாகவே வேண்டும் என்கிற நாளுக்கு ஐஸ் தோண்டும் விளையாட்டு. ஒரு பெரிய டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, வாய்க்குள் போகாத அளவுள்ள பிளாஸ்டிக் பொம்மைகளைப் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நன்றாக உறைந்ததும் மேலும் சில பொம்மைகள் வைத்து மீதித் தண்ணீரை ஊற்றி மறுபடியும் உறையவிடுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் பொம்மையெல்லாம் மிதந்து மேலே வந்து ஐந்து நிமிடத்தில் விளையாட்டு முடிந்துவிடும். டப்பாவின் விளிம்புவரை நிரப்பாதீர்கள், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். மறுநாள் கட்டியை ஒரு தட்டில் கவிழ்த்து, ஸ்பூனும் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரும் கொடுங்கள். உப்பு தூவினால் வேகமாக உருகும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு உப்பு வேண்டாம். உப்பும் ஐஸும் சேர்ந்து தோலில் அழுந்தினால் தீக்காயம் போலப் புண்ணாகும்.

பழ ஐஸ்க்ரீம் இன்னும் சுலபம். நன்கு பழுத்த வாழைப்பழத்தை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, கெட்டியாகும்வரை உறையவைத்து மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். முதலில் பொடிப்பொடியாக இருக்கும், நிறுத்திவிடாதீர்கள். ஓரத்தை வழித்துவிட்டு மீண்டும் அடித்தால் க்ரீம் போல வரும். பழுக்காத பழம் என்றால் துவர்க்கும்.

தண்ணீர் விளையாட்டில் மட்டும் ஓய்வெடுக்க முடியாது. சின்னக் குழந்தை சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் மூழ்கிவிடும், பெரும்பாலும் கத்தாமல், சத்தமில்லாமல். டப்போ பக்கெட்டோ, கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும்.

வெளியே கிளம்பும்போது

ஒரு பையை இதற்கென்றே ஒதுக்கிக் கொக்கியில் மாட்டிவிடுங்கள்: தொப்பிகள், சன்ஸ்கிரீன், ஒரு மாற்றுடை, சிறு துண்டு, பிளாஸ்டர். வீடு திரும்பியதும் எடுத்ததை நிரப்பி மாட்டிவிட்டால் அடுத்த முறை கிளம்ப இரண்டு நிமிடம். தண்ணீர் பாட்டிலை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, படுக்கைவாட்டில் சாய்த்து உறையவைத்து, கிளம்பும்போது மேலே சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் வெகுநேரம் சில்லென்று இருக்கும்.

சன்ஸ்கிரீன் குறைந்தது எஸ்பிஎஃப் 30. வெளியே போவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரில் நனைந்த பிறகும் மீண்டும் பூச வேண்டும். மெலிதாகத் தடவினால் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு நிழலும் துணியும்தான் பாதுகாப்பு.

காரில் பிள்ளையை ஒரு நிமிடம்கூட விட்டுப் போகக் கூடாது. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

வெயிலில் விளையாடிய பிள்ளைக்குத் தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, அதிக வியர்வை இருந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, நனைத்து விசிறி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிய வேண்டும். தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாவிட்டாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டாலோ அது வெப்பத்தாக்கு. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மருந்து இதற்கு வேலை செய்யாது.

பள்ளி திறக்கும் முன்

விடுமுறையில் தூக்க நேரம் தள்ளிப்போவது இயல்பு. அதைக் கடைசி இரவில் இழுத்துப் பிடிக்க முடியாது. திறப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். முதலில் காலையில் எழுப்புவதை மாற்றுங்கள், இரவுத் தூக்கம் அதைத் தொடர்ந்து வரும். ஒன்றேகால் மணி நேரம் வரையிலான வித்தியாசத்தை இப்படியே சரிக்கட்டிவிடலாம், அதற்கு மேல் தள்ளிப்போயிருந்தால் இன்னும் ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.